கற்பிக்கும் அறிவு யாருடையது?

ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் ஆசிரியர்கள் சிலர் கூடி, ஒரே ஒரு பாடவேளையை வாரக்கணக்கில் திட்டமிடுவது வழக்கம். அவர்களில் ஒருவர் அந்தப் பாடத்தை நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து நடந்ததை அலசுவார்கள். ஜுக்யோ கென்க்யூ எனப்படும் இதைத் தமிழில் பாட ஆய்வு எனலாம். ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக வேரூன்றிய இந்த வழக்கத்தைக் கடந்த கால் நூற்றாண்டாகப் பல நாட்டு ஆய்வாளர்களும் உன்னிப்பாகப் பார்த்து வருகிறார்கள். ஆசிரியர்கள் இதில் எதைக் கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்பது அவர்களின் கேள்வி. அதற்கு அடியில் பழைய தத்துவக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பதும் அறிவுதான். அந்த அறிவு, செய்பவரை விட்டுப் பிரிந்து பிறர் கைக்கு வருமா?

கற்பிக்கும் திறமையைப் பற்றி இரண்டு எண்ணங்கள் பரவலாக உண்டு. அது பிறவியிலேயே வாய்ப்பது, அல்லது அனுபவத்தில் படிவது, எப்படியும் சொல்லித்தர முடியாதது என்பது ஒன்று. உளவியலும் கல்வியியலும் கண்டறிந்த விதிகளை வகுப்பில் பொருத்துவதே கற்பித்தல் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் சரியென்றால், நல்ல ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் நாளில் அவருடைய அறிவும் பள்ளியை விட்டுப் போய்விடும். இரண்டாவது சரியென்றால், ஆசிரியர் அறிவைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, ஆக்குபவர் அல்லர். பாட ஆய்வு இவ்விரண்டையும் ஏற்பதில்லை. கற்பிப்பவரின் அனுபவம், குறிப்பிட்ட ஒரு பாடத்தின் மேல் பலர் பார்வைக்கு வைக்கப்பட்டு, குழந்தைகள் செய்ததையும் சொன்னதையும் சான்றாகக் கொண்டு சோதிக்கப்படும்போது பொது அறிவாக மாறுகிறது என்பதே அதன் உள்ளுறை.

ஒரு பாடம் ஆய்வாகும் விதம்

பாட ஆய்வின் முதல் வேலை பாடப்பொருளை ஆராய்வது. முதல் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பதை அறிமுகப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 13இலிருந்து 9ஐக் கழிக்கச் சொன்னால், 13ஐப் பத்தும் மூன்றுமாகப் பிரித்து, பத்திலிருந்து 9ஐ எடுத்து, மிஞ்சும் ஒன்றோடு மூன்றைச் சேர்த்து 4 என்று சொல்லும் வழி எளிதாகத் திறக்கிறது. 9 பத்துக்கு அருகில் இருப்பதே காரணம். 12இலிருந்து 3ஐக் கழிக்கச் சொன்னாலோ, குழந்தை முதலில் இரண்டை எடுத்துப் பத்துக்கு வந்து, பிறகு இன்னும் ஒன்றை எடுக்கப் பார்க்கும். முன்னது கழித்துக் கூட்டும் முறை. பின்னது கழித்துக் கழிக்கும் முறை. ஜப்பானிய ஆசிரியர்களிடம் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணும் குழந்தைகளும் அதே வகுப்பில் இருப்பார்கள். எந்த எண்களைக் கொடுத்தால் எந்தச் சிந்தனை எழும் என்பது ஆசிரியர் குழுவின் ஊகம். பாடம் நடக்கும்போது அந்த ஊகம் சோதனைக்கு வருகிறது.

இந்த ஊகங்கள் எழுத்தில் பதிவாகும். பாடத்திட்டத்தில் ஆசிரியர் கேட்கப்போகும் முதன்மைக் கேள்வி, குழந்தைகள் தரக்கூடிய பதில்கள், அவற்றில் எதிர்பார்க்கும் தவறுகள், ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்பதெல்லாம் நிரல்நிரலாக இருக்கும். கரும்பலகையில் எது எந்த இடத்தில் வரும் என்பதைக்கூட முன்பே வரைந்துவைக்கும் குழுக்கள் உண்டு. பாடம் நடக்கும்போது பார்வையாளர்கள் குழந்தைகளுக்கு உதவுவதில்லை. ஒரு குழந்தை எதை எழுதி அழித்தது, எங்கே நின்றது, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்டது என்று நேரத்தோடு குறித்துக்கொள்வதே அவர்கள் வேலை.

பின்னர் நடக்கும் கலந்துரையாடலுக்கும் ஒழுங்கு உண்டு. பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார். திட்டமிட்ட குழு அடுத்து விளக்கும். பிறகு பார்வையாளர்கள் தாங்கள் கண்டதை வைப்பார்கள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அனுபவமிக்க ஆலோசகர் கடைசியில் பேசுவார். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிஹிகோ தகாஹாஷி போன்றோர், இந்த ஆலோசகர் இல்லாவிட்டால் குழு தனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு என்று வற்புறுத்துகிறார்கள்.

வேர்கள்

1872இல் ஜப்பானிய அரசு நாடு தழுவிய கல்விச் சட்டத்தை வெளியிட்டது. ஆசிரியர்களை உருவாக்க அதே ஆண்டில் தோக்கியோவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மேரியன் ஸ்காட் என்ற அமெரிக்கர் அங்கே, ஒரு வகுப்பு முழுவதற்கும் சேர்த்துக் கற்பிக்கும் முறையைக் காட்டினார். தனித்தனியாகப் பாடம் கேட்டுப் பழகிய நாட்டில் அது புதிது. அதைக் கற்றுக்கொள்ள நேர்வழி, ஒருவர் நடத்தப் பலர் பார்ப்பதுதான். இவ்வாறு பயிற்சிப் பள்ளிகளிலும் அவற்றோடு இணைந்த தொடக்கப்பள்ளிகளிலும் மாதிரிப் பாடமும் அதன் மீதான விமர்சனக் கூட்டமும் வழக்கமாயின.

தொடக்கத்தில் இது மேலிருந்து வந்த முறையைப் பரப்பும் கருவியாகவே பயன்பட்டது. 1910களிலும் 1920களிலும் எழுந்த புதுக்கல்வி இயக்கம் குழந்தையின் சிந்தனையை நடுவே கொண்டுவந்தது. ஜான் டூயி 1919இல் ஜப்பானுக்கு வந்து தோக்கியோவில் சொற்பொழிவாற்றியதும் இந்தக் காலத்தில்தான். போருக்குப் பிறகு பாட ஆய்வு பள்ளிகளுக்குள் இன்னும் ஆழமாக வேர்விட்டது. குன்மா மாநிலத்தில் ஷிமா தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியராக 1952 முதல் 1963 வரை இருந்த சைத்தோ கிஹாக்கு, இன்னொருவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து குழந்தைகளிடம் கேள்வி கேட்கும் துணிச்சலான வழக்கத்தை வளர்த்தார். பாடம் அதை நடத்துபவரின் தனியுடைமை அன்று என்ற கருத்தின் உச்சநிலை என்று இதைக் கொள்ளலாம்.

உலகத்தின் கவனம் இதன் பக்கம் திரும்பியது 1990களின் இறுதியில். 1995ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் 231 படமாக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999இல் வெளியிட்ட நூல், நாடுகளுக்கு இடையேயான வேறுபாடு தனித்தனி ஆசிரியர்களின் திறமையைவிடக் கற்பிக்கும் பண்பாட்டில்தான் அதிகம் என்று வாதிட்டது. அந்தப் பண்பாடு சிறிது சிறிதாக மேம்படும் வழிக்கு எடுத்துக்காட்டாக அது பாட ஆய்வை முன்வைத்தது. ஹிரோஷிமா பகுதிப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்புக் கழித்தல் பாடம் உருவான விதத்தை நாள்வாரியாகப் பதிவுசெய்த மகோட்டோ யோஷிதாவின் ஆய்வும், கேத்தரின் லூயிஸ் கலிஃபோர்னியாவில் நடத்திய ஆய்வுகளும் இந்தத் துறைக்கு அடித்தளமாயின.

சொல்லும் செயலும்

ஆய்வாளர்கள் சந்திக்கும் முதல் தத்துவச் சிக்கல், திறமைக்கும் விதிக்கும் உள்ள உறவு. கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட மனம் பற்றிய நூலில், ஒன்றைப் பற்றித் தெரிவதையும் ஒன்றைச் செய்யத் தெரிவதையும் பிரித்துக்காட்டினார். அறிவோடு செய்வது என்றால் முதலில் ஒரு விதியை நினைத்து, பிறகு அதைப் பின்பற்றுவது என்று கொண்டால், அந்த விதியை அறிவோடு நினைப்பதற்கு இன்னொரு விதி வேண்டும். அதற்கு மற்றொன்று வேண்டும். இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை. ஆகவே செய்யத் தெரிவது விதிகளின் தொகுப்பாகச் சுருங்காது என்பது அவர் வாதம். மைக்கேல் பொலானி இதைத் தொடர்ந்து, திறமையாளர் அறிந்ததில் ஒரு பங்கு எப்போதும் சொல்லுக்கு வெளியிலேயே நிற்கிறது என்றார்.

இந்த வாதங்களை அப்படியே ஏற்றால் பாட ஆய்வுக்கு இடமில்லாதது போலத் தோன்றும். சொல்லில் வராததைக் கலந்துரையாடி என்ன பயன்? ஆனால் பாட ஆய்வில் நடப்பது, திறமை முழுவதையும் சொற்களாக மாற்றும் முயற்சி அன்று. 13இலிருந்து 9ஐக் கழிக்கும் கணக்கை ஏன் முதலில் வைத்தோம் என்ற காரணத்தைச் சொல்ல முடியும். மூன்றாம் வரிசையில் இருந்த குழந்தை பத்தைப் பிரிக்காமல் விரல்விட்டு எண்ணியதைக் காட்ட முடியும். அந்தக் காரணத்தையும் இந்த நிகழ்வையும் அருகருகே வைத்து, ஊகம் எங்கே பிசகியது என்று கேட்க முடியும். சொல்லுக்கு வராத பகுதியைப் பார்வையாளர்கள் நேரில் காண்கிறார்கள். சொல்லக்கூடிய பகுதி, கண்டது எது என்று அடையாளம் காட்டுகிறது. ரைலும் பொலானியும் சுட்டிய எல்லை அப்படியே இருக்கிறது. ஒரே வகுப்பைச் சேர்ந்து பார்த்தவர்களுக்கு, அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதையும் சுட்டிப் பேச முடிகிறது.

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஆறாம் பகுதியில் நடைமுறை விவேகத்தை விளக்கும்போது, இளைஞர்கள் கணிதத்தில் தேர்ந்தவர்களாகலாம், விவேகிகளாக முடியாது என்கிறார். விவேகம் தனித்தனி நிலைமைகளைப் பற்றியது. அவற்றை அறியக் காலம் வேண்டும் என்பது அவர் காரணம். பாட ஆய்வு இந்தக் கருத்துக்கு ஒரு திருத்தம் தருகிறது. தனியாகக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பத்தாண்டு அனுபவம் என்பது பெரும்பாலும் தம் வகுப்பில் மட்டும் கண்டது. சேர்ந்து ஆராயும் இளம் ஆசிரியர், மூத்தவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்த்து நிற்கிறார் என்பதைத் தொடக்க ஆண்டுகளிலேயே காண்கிறார். அனுபவத்துக்குக் குறுக்குவழி கிடையாது. ஆனால் அனுபவத்தைப் பகிர வழி உண்டு.

பார்ப்பது எளிதன்று

அனுபவத்தைப் பகிர்வதற்குப் பார்வையே கருவி. அந்தப் பார்வை நடுநிலையானதா? நோர்வுட் ஹான்சன் 1958இல் அறிவியல் கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதியபோது, ஒவ்வொரு கவனிப்பிலும் கோட்பாடு கலந்திருக்கிறது என்று வாதிட்டார். வகுப்பறைக்கும் இது பொருந்தும். வகுப்பு அமைதியாக இருந்தால் நல்ல பாடம் என்று நம்புபவர் அமைதியைக் காண்பார். குழந்தைகள் கைதூக்குவதை அளவுகோலாகக் கொண்டவர் கைகளை எண்ணுவார். இருவருமே குழந்தை என்ன யோசித்தது என்பதைத் தவறவிடக்கூடும்.

டான் லோர்ட்டி 1975இல் அமெரிக்க ஆசிரியர்களைப் பற்றி எழுதிய நூலில், ஒவ்வோர் ஆசிரியரும் மாணவராக இருந்த ஆண்டுகளிலேயே கற்பித்தலைப் பார்த்துப் பழகிவிடுகிறார் என்று சுட்டினார். மாணவராக அவர் பார்த்தது ஆசிரியரின் வெளிச்செயலை மட்டுமே. அதன் பின்னிருந்த தேர்வுகளும் தயக்கங்களும் மாணவருக்குத் தெரிவதில்லை. இப்படிப் பழகிய கண்ணை மாற்றுவதே பாட ஆய்வின் பெரிய பங்கு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பாடத்திட்டத்தில் எதிர்பார்க்கும் பதில்களை முன்பே எழுதிவைப்பதன் பயன் இங்கே தெளிவாகிறது. எதை எதிர்பார்த்தோம் என்று எழுதியவருக்குத்தான் எதிர்பாராதது கண்ணில் படும். முன்முடிவு இல்லாமல் பார்ப்பது இயலாத காரியம். ஆகவே முன்முடிவை வெளிப்படையாக்கி, அது பொய்க்க வாய்ப்பளிப்பதே நேர்மையான வழி.

ஹாங்காங்கில் ஃபெரென்ஸ் மார்ட்டனும் லோ முன் லிங்கும் வளர்த்த கற்றல் ஆய்வு என்ற வடிவம் இன்னும் ஒரு படி போகிறது. ஒரு பொருளின் ஒரு கூறு மாறுவதைக் கண்டால்தான் அந்தக் கூறு தனியாகப் புலப்படும் என்ற மாறுபாட்டுக் கோட்பாட்டை அது வெளிப்படையாக ஏற்று, அதன்படி பாடங்களை வகுக்கிறது. ஜப்பானிய வடிவம் எந்த ஒரு கோட்பாட்டையும் முன்நிபந்தனையாக்குவதில்லை. கோட்பாடு இருந்தால் பார்வை கூர்மையாகும். ஆனால் குறுகவும் செய்யும். இந்த இரு பக்கங்களும் இன்றுவரை விவாதத்தில் இருக்கின்றன.

அறிவின் உடைமையும் விமர்சனத்தின் அறமும்

பாடத்தைப் பலர் சேர்ந்து திட்டமிட்ட பின் அது யாருடையது? ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் கற்றலைத் தனிமனித மூளைக்குள் நடக்கும் சேமிப்பாகப் பார்க்காமல், ஒரு தொழிற்குழுவின் வாழ்வில் படிப்படியாகப் பங்கேற்பதாக விளக்கினார்கள். ஹீபர்ட், கேலிமோர், ஸ்டிக்லர் மூவரும் 2002இல், ஆசிரியரின் அனுபவ அறிவு தொழில் அறிவாக மாற வேண்டுமானால் அது பொதுவில் வைக்கப்பட வேண்டும், சேமித்துப் பகிரத்தக்கதாக இருக்க வேண்டும், சரிபார்க்கப்பட வேண்டும் என்று நிபந்தனைகளைத் தொகுத்தார்கள். பாடத்திட்டம், கவனிப்புக் குறிப்பு, கலந்துரையாடல் பதிவு ஆகிய மூன்றும் இந்த நிபந்தனைகளுக்கு அருகில் வருகின்றன. தனி ஒருவருக்குச் சொந்தமில்லாத, ஆனால் எவரும் பயன்படுத்தக்கூடிய அறிவு இவ்வாறு உருவாகிறது.

கற்பவர் தம் துறையினரோடு பழகிக் கற்பதைத் தமிழ் மரபும் எண்ணிப் பார்த்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியின் நன்னூல், ஆசானிடம் கேட்பதால் கிடைப்பது கால் பங்கே, உடன் பயில்பவரோடு கலந்து பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை என்று பகுக்கிறது. அங்கே பேசப்படுவது நூற்புலமை; கற்பிப்பது அதைத் துலக்கும் வழி. பாட ஆய்வு கேட்பது அடுத்த கேள்வி: கற்பிப்பதைப் பற்றிய அறிவு எவ்வாறு துலங்கும்? விடையின் வடிவம் மட்டும் ஒத்திருக்கிறது. தனித்துப் பயில்வது போதாது.

உடைமை பொதுவானால் குற்றமும் பொதுவாகும். பாடம் சறுக்கினால் தவறு குழுவின் ஊகத்தில் இருக்கிறது, நடத்தியவரிடம் இல்லை என்று கொள்வது பாட ஆய்வின் எழுதாத விதி. இது வெறும் நாகரிகம் அன்று. அவமானத்துக்கு அஞ்சும் ஆசிரியர் ஆபத்தில்லாத பாடத்தையே நடத்துவார். அதில் எந்த ஊகமும் சோதனைக்கு வராது; ஆகவே எவரும் எதையும் கற்க மாட்டார்கள். இங்கே அறமும் அறிவும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. 1998இல் சிகாசாக்கி நகரில் ஹமனோகோ தொடக்கப்பள்ளியை முன்னோடியாகக் கொண்டு கற்கும் சமூகமாகப் பள்ளி என்ற இயக்கத்தைத் தொடங்கிய மனாபு சாத்தோ, இதை இன்னும் வற்புறுத்தினார். பார்வையாளர்கள் அறிவுரை சொல்வதை விட்டு, குழந்தைகள் எங்கே கற்றார்கள், எங்கே தடுமாறினார்கள், தாங்கள் அதிலிருந்து என்ன கற்றோம் என்பதைப் பேச வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

ஆய்வாளர் எப்படி அறிவார்?

ஆசிரியர்களைப் பற்றிய அதே கேள்வி ஆய்வாளர்களிடமும் திரும்பி வருகிறது. பாட ஆய்வு பயன் தருகிறதா என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? இங்கிலாந்தில் 181 தொடக்கப்பள்ளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய சோதனை ஒன்றின் அறிக்கை 2017இல் வந்தது. கணிதத்திலும் வாசிப்பிலும் மாணவர் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று அது முடித்தது. அதே ஆண்டில் கேத்தரின் லூயிஸும் ரெபெக்கா பெரியும் அமெரிக்காவில் 39 ஆசிரியர் குழுக்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. பின்னங்கள் பற்றிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றைக் கையில் கொண்டு பாட ஆய்வு நடத்திய குழுக்களில் ஆசிரியர், மாணவர் இரு தரப்பினரின் பின்ன அறிவும் மேம்பட்டிருந்தது.

இரண்டையும் முரண்பாடு என்று மட்டும் பார்ப்பது அவசரம். அமெரிக்கச் சோதனையில் பாடப்பொருளை ஆராயும் முதல் படிக்குச் செறிவான கருவி தரப்பட்டது. இங்கிலாந்தில் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பள்ளிகள் சிலவற்றிலும் வகுப்பைப் பார்வையிடுவது போன்ற வழக்கங்கள் இருந்தன. பாட ஆய்வு என்ற ஒரே பெயரின் கீழ் வேறுவேறு செயல்கள் நடக்கின்றன என்பது தெளிவு. லூயிஸ், பெரி, முராத்தா மூவரும் 2006லேயே இதை முன்னுணர்ந்து, இரண்டு வழிகளைப் பிரித்துக்காட்டி எழுதினார்கள். ஒரு முறையை மாற்றமின்றிப் பல இடங்களில் வைத்து அதன் பொதுப்பயனை நிறுவுவது ஒரு வழி. ஓரிடத்தில் அது எந்தக் காரணத்தால் வேலை செய்கிறது என்று அறிந்து, அந்த அறிவை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. கல்வி ஆய்வு முதல் வழிக்கே சான்றிதழ் தருகிறது என்பது அவர்கள் மனக்குறை. ஆசிரியர் கூட்டத்தில் எழும் கேள்வியும் இதுவேதான்: இந்தப் பாடம் வெற்றி பெற்றதா என்பதைவிட, எதனால் இப்படி நடந்தது என்பது பயனுள்ள கேள்வி. ஆனால் காரணத்தை மட்டும் பேசி விளைவை அளக்க மறுப்பதும் ஏற்கத்தக்கதன்று. மாணவர் கற்காத பாட ஆய்வு, ஆசிரியர்களின் இனிய உரையாடலாக மட்டும் மிஞ்சும்.

எல்லைகள்

பாட ஆய்வின் குறைகளும் அதன் இயல்பிலிருந்தே வருகின்றன. கடைசியில் பேசும் ஆலோசகரின் சொல் தீர்ப்பாகிவிட்டால், அதற்கு முன் நடந்த விவாதம் சடங்காகும். ஒற்றுமையைப் போற்றும் குழுவில் மாற்றுக்கருத்து அடங்கிப்போகும். பிற நாடுகளுக்குப் போகும்போது பாடம் நடத்திப் பார்ப்பது என்ற கண்ணுக்குத் தெரியும் பகுதி எளிதில் பரவுகிறது. பாடப்பொருளை ஆராயும், கண்ணுக்குத் தெரியாத பகுதி பின்தங்குகிறது. ஜப்பானிலும் தொடக்கப்பள்ளியில் இருக்கும் வலிமை உயர்நிலைப் பள்ளியில் இல்லை. நேரமும் அறக்கேள்விதான். 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்திய ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களின் வார உழைப்பு சராசரியாக 56 மணி நேரம். பங்கேற்ற நாடுகளிலேயே அதிகம். சேர்ந்து கற்கும் நேரத்தை ஆசிரியரின் ஓய்விலிருந்து எடுப்பதா, பள்ளியின் பணிநேரத்துக்குள் ஒதுக்குவதா என்பதைப் பொறுத்தே இந்த வழக்கத்தின் நியாயம் அமைகிறது.

கற்பிக்கும் அறிவு யாருடையது என்ற கேள்விக்குப் பாட ஆய்வு தரும் விடை இவ்வளவில் தெளிவாகிறது. அது தனி ஆசிரியரிடம் பிறக்கிறது. ஏனெனில் வகுப்பில் முடிவெடுப்பவர் அவரே. பிறர் முன் காரணத்தோடும் சான்றோடும் வைக்கப்படும்போது பொதுவாகிறது. விதியாக உறைந்து எல்லா வகுப்புக்கும் பொருந்துவதில்லை. அடுத்த ஆசிரியர் அதைப் பெறும்போது, காரணம் தெரிந்த ஊகமாகவே பெறுகிறார். தம் குழந்தைகளிடம் அது பொருந்துமா என்பதை அவர் மீண்டும் சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனையையும் அவர் பிறர் முன் வைத்தால்தான் அறிவு தொடர்ந்து பொதுவாக இருக்கும்.